கடனைத் தீர்த்த பின்பே பாகம்

நம் ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் நடைபெறும் ஒரு நிகழ்ச்சியை அறியாதார் இலர். பள்ளிவாசல் முற்றத்தில் சந்தூக்கு இறக்கி வைக்கப்பட்டிருக்கும். வரிசைகள் நேராகிக்கொண்டிருக்கும். அவ்வேளையில் இறந்தவரின் மூத்த மகன் முன்னே வந்து நிற்பார். தம் அத்தா யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் தம்மிடம் வந்து பெற்றுக்கொள்ளுமாறும், யார் மனத்தையேனும் புண்படுத்தியிருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுமாறும் கூடியிருப்போரை வேண்டிக்கொள்வார். கூத்தாநல்லூரிலும் அதைச் சூழ்ந்த மஹல்லாக்களிலும் தலைமுறை தலைமுறையாக நாம் கேட்டுவரும் குரல் இது.

அந்த மகனைப் பார்த்து, "கடன் வாங்கியவர் நீர் அல்லவே, நீர் ஏன் முன்வருகிறீர்?" என்று எவரேனும் கேட்டதுண்டா? தந்தையின் பிழைக்கு மகன் குற்றவாளி ஆகிவிட்டார் என்று எவரேனும் எண்ணியதுண்டா? இல்லை. அவர் முன்வருவதைக் கடமை என்று கருதுகிறோம். முன்வராத மகனையே ஊர் பழிக்கிறது. கற்றறிந்த நாடுகளின் பாராளுமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் விவாதிக்கப்பட்டும் தெளிவு பெறாத ஒரு கேள்விக்கு, நம் பள்ளிவாசல் முற்றத்தில் என்றோ விடை கிடைத்துவிட்டது. ஆயினும் அந்த விடையை நாமே முற்றத்துக்குள் பூட்டி வைத்திருக்கிறோம் என்பதுதான் இக்கட்டுரையில் நாம் எடுத்துச் சொல்ல விரும்பும் குறை.

உலக நடப்பை முதலில் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை, அம்மண்ணின் பூர்வகுடிகளுடைய பிள்ளைகள் தாய்மாரின் மடியிலிருந்து அரசாங்கத்தாரால் பறித்துச் செல்லப்பட்டனர். வெள்ளையர் இல்லங்களிலும் விடுதிகளிலும் வளர்த்தால் தங்கள் இனத்தையே மறந்துவிடுவார்கள் என்பது திட்டம். இக்கொடுமையை விசாரித்த அறிக்கை 1997இல் வெளிவந்தது. அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்ட், முந்தைய தலைமுறையினர் செய்தவற்றுக்கு இன்றைய தலைமுறை பொறுப்பாகாது என்று கூறி மன்னிப்புக் கேட்க மறுத்தார். 1999இல் வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம் ஒன்றோடு நின்றுகொண்டார். அவருக்குப் பின் வந்த கெவின் ரட், 2008 பிப்ரவரி 13 அன்று பாராளுமன்றத்தில் எழுந்து நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு ஜூன் 11 அன்று கனடாவின் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர், பூர்வகுடிப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,50,000 பேரை வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்து வைத்த கொடுமைக்காக மன்னிப்புக் கேட்டார்.

இவ்விரு மன்னிப்புகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கனடாவில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும் உடன்படிக்கை முன்னரே நடைமுறைக்கு வந்திருந்தது. ஆஸ்திரேலிய அரசோ மன்னிப்புச் சொன்ன அக்கணமே இழப்பீட்டு நிதி கிடையாது என்றும் சொல்லிவிட்டது. மத்திய அரசின் நேரடி ஆட்சியில் இருந்த பகுதிகளில் பறிக்கப்பட்டோருக்கு ஓர் ஈட்டுத்தொகைத் திட்டம் 2021இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்குள் எத்தனை தாய்மார் மண்ணுக்குள் போய்விட்டனர்! பூர்வகுடியினரின் ஆலோசனைக் குரலுக்கு அரசியல் சட்டத்தில் இடமளிக்கலாமா என்று 2023 அக்டோபர் 14 அன்று மக்களிடம் கேட்டபோது, வாக்களித்தோரில் 100க்கு 60 பேர் வேண்டாம் என்றனர். கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்ட நாடு, பாதிக்கப்பட்டவனுக்குப் பேச ஓர் ஆசனம் தர மறுத்தது. கடன் உண்டு என்று ஒப்புக்கொண்டு காசு எடுக்காதவனின் ஒப்புதல் இது.

ஆஸ்திரேலியாவைக் குறை கூறுவது நமக்கு எளிது. நாம் மன்னிப்புக் கேட்கச் சொல்வதில் வல்லவர்கள். 1919 ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலாபாகில் சிந்திய இரத்தத்துக்காகப் பிரிட்டன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நூறாண்டுகள் கேட்டோம். 2019இல் அந்நாட்டுப் பிரதமர் வருத்தம் என்ற சொல்லை உதிர்த்துவிட்டு மன்னிப்பு என்ற சொல்லை விழுங்கிக்கொண்டார். 1921 நவம்பரில் திரூரிலிருந்து காற்றுப் புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்டு, போத்தனூரில் கதவு திறந்தபோது பிணங்களாகக் கிடந்த மாப்பிள்ளைச் சகோதரர்களை எண்ணுகையில் இன்றும் நம் நெஞ்சு கொதிக்கிறது. ஏறத்தாழ 70 உயிர்களை அப்பயணம் கொண்டது. இவற்றுக்கெல்லாம் பிரிட்டன் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கேட்கத் தெரிந்த நாக்குக்குச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும் அன்றோ?

இந்தியா என்னும் அரசு தன் சொந்தப் பூர்வகுடிகளுக்குப் பட்டிருக்கும் கடனைப் பாருங்கள். வெள்ளை அரசு 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தைக் கொண்டு, தலைமுறைகளாக மலையிலும் காட்டிலும் வாழ்ந்த மக்களை அவர்கள் காட்டிலேயே அத்துமீறி நுழைந்தவர்களாக ஆக்கியது. 1947இல் வெள்ளையன் போனான். காடு யாரிடம் வந்தது? காட்டைப் பறிகொடுத்தவர்களிடம் திரும்பி வரவில்லை. புதிய அரசின் வனத்துறை, பழைய அரசின் வனத்துறையிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டது. 2006இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டத்தின் முகப்புரை, வெள்ளையர் காலத்தில் மட்டுமன்றிச் சுதந்திர இந்தியாவிலும் இம்மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறது. இந்நாட்டின் பூர்வகுடிகளுக்கு நம் பாராளுமன்றம் அளித்த மன்னிப்புக்கு மிக நெருங்கி வரும் வாசகம் அதுவே. தமிழகத்திலோ வழக்கும் இடைக்காலத் தடையும் குறுக்கிட்டு, 2016 வரை அச்சட்டத்தின் உரிமைப் பத்திரங்கள் மலைமக்களின் கைக்கு எட்டாமலே கிடந்தன.

ஒப்புக்கொண்ட அநீதி பழங்கதையாகவேனும் இருந்ததா? தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி என்னும் சிற்றூரைத் தமிழர் மறக்கலாகாது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி 155 வனத்துறையினர், 108 காவலர், 6 வருவாய்த்துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர் அது. வீடுகள் இடிக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொல்லப்பட்டன, குடிநீர்க் கிணறும் கெடுக்கப்பட்டது. 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அன்றைய அரசு அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மற்ற 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, அப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் ஆணையிட்டது. சீருடை அணிந்தவர்களுக்கு முன்னால் அஞ்சாது நின்று சாட்சி சொன்ன அப்பெண்கள், நீதியின் முகத்தைக் காண 31 ஆண்டுகள் காத்திருந்தனர்.

ஓர் அரசு, தன் படையினர் இழைத்த அநீதிக்கு எவ்வாறு பொறுப்பேற்க வேண்டும் என்பதற்கு நமக்கு முன்மாதிரி தேவையா? ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, மக்கா வெற்றிக்குப் பின் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் பனூ ஜதீமா குலத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். இஸ்லாத்தை ஏற்றோம் என்பதை அம்மக்கள் தங்களுக்குத் தெரிந்த சொல்லில் கூறினர். அதன் பொருள் சரியாக விளங்கிக்கொள்ளப்படாமல் உயிர்கள் பறிக்கப்பட்டன. செய்தி எட்டியதும் பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? விசாரணைக் குழு அமைத்துக் காலம் கடத்தினார்களா? போர்க்காலத்தில் இவையெல்லாம் இயல்பு என்றார்களா? கைகளை உயர்த்தி, காலித் செய்ததற்கும் தமக்கும் தொடர்பில்லை என்று இறைவனிடம் வெளிப்படையாக முறையிட்டார்கள். பின்னர் அலீ (ரலி) அவர்களிடம் பொருளைக் கொடுத்து அனுப்பினார்கள். கொல்லப்பட்ட ஒவ்வோர் உயிருக்கும் ஈட்டுத்தொகை கொடுக்கப்பட்டது. அழிந்த உடைமை ஒவ்வொன்றுக்கும், நாய் நீர் குடிக்கும் மரத்தொட்டிக்கும்கூட, விலை கொடுக்கப்பட்டது. அப்படியும் பொருள் மிஞ்சியது. தெரியாமல் விடுபட்ட இழப்பு ஏதேனும் இருக்கக்கூடும் என்று அஞ்சி, அந்த மிச்சத்தையும் அலீ (ரலி) அவர்கள் அம்மக்களிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்கள் செய்தது சரியே என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள்.

தவறு என்று உரத்துச் சொல்லுதல், பாதிக்கப்பட்டவனின் வாசலுக்குத் தானே ஆளனுப்புதல், கணக்குப் பார்த்துக் கொடுத்தல், கணக்கில் வராததற்கும் சேர்த்துக் கொடுத்தல் என்னும் நான்கும் அமைந்ததே மன்னிப்பு. இவற்றுள் முதலாவதை மட்டும் செய்துவிட்டுக் கைகழுவும் அரசுகள், மன்னிப்பு என்ற சொல்லையே மலிவாக்குகின்றன.

இங்கே நம் அன்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். முன்னோர் செய்த குற்றத்தைப் பின்னோர் தலையில் சுமத்தலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்தியாவில் இக்கேள்வியின் கூர்மையை முஸ்லிம்களைப் போல் உணர்ந்தவர்கள் யார்? 1311இல் மாலிக் கபூர் தென்னாட்டின் மீது படையெடுத்து வந்ததற்கு, டீக்கடை நடத்தும் நம் பிள்ளை இன்று பதில் சொல்ல வேண்டுமாம். 1781இல் ஐதர் அலியின் படை தஞ்சைச் சீமையைப் பாழாக்கிய காலத்தை இப்பகுதி முதியோர் ஐதர் கலாபம் என்பர். அந்தக் கலாபத்தில் நம் முன்னோரும் பட்டினி கிடந்திருப்பர். அவர்கள் வயலும் தீய்ந்திருக்கும். ஆயினும் பெயரில் ஒற்றுமை இருப்பதால் பழியிலும் பங்கு வேண்டும் என்கிறார்கள். இதற்கு நாம் தலைவணங்க முடியாது. சுமை சுமக்கும் எவரும் மற்றவரின் சுமையைச் சுமப்பதில்லை என்னும் நெறியைத் திருமறை ஐந்து இடங்களில் வலியுறுத்துகிறது. தந்தையின் குற்றம் மகனைச் சாராது, மகனின் குற்றம் தந்தையைச் சாராது என்று இறுதி ஹஜ்ஜில் அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். பிறக்கும் குழந்தை பாவத்தோடு பிறக்கிறது என்ற கொள்கையை இஸ்லாம் ஏற்பதே இல்லை.

ஆகவே, பாவத்துக்கு வாரிசு இல்லை. இதில் நாம் அணுவளவும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஆனால் கடனுக்கு? இங்கேதான் நம் மார்க்கம் மிக நுட்பமான கோட்டை வரைகிறது. ஒருவர் இறந்தால் அவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அதற்குப் பின் மரண சாசனம், எல்லாவற்றுக்கும் பின்னரே வாரிசுகளின் பாகம். அந்நிஸா அத்தியாயத்தில் மகனுக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு என்று பாகங்களை வகுத்துரைக்கும் இறைவன், சாசனமும் கடனும் நிறைவேறிய பின்பே என்பதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறான். அறப்போரில் உயிர்நீத்தவருக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்பது நபிமொழி. கடன்பட்டு இறந்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது பெருமானார் (ஸல்) தாமே தொழவைக்கத் தயங்கினார்கள் என்பதையும், அபூ கதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்பே தொழவைத்தார்கள் என்பதையும் நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தோம். வாரிசு தன் கைக்காசிலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். விட்டுச் சென்ற பொருளின் அளவுக்கே கடன் அதைத் தொடரும். பெறாதவனிடம் கேட்பாரில்லை. பெற்றவன் கடனைத் தீர்க்காமல் பாகம் கேட்க முடியாது.

இந்த அளவுகோலால் ஐதர் அலியின் கணக்கு நம்மிடம் வருகிறதா என்று பார்ப்போம். ஐதரின் கொள்ளையில் ஒரு கலம் நெல்லும் நம் குதிரில் இல்லை. எனவே அந்தக் கணக்கில் நாம் கடனாளிகள் அல்லர். மாலிக் கபூர் கொண்டு சென்ற பொன் நம் பேழையில் இல்லை. ஆனால் இதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் சொந்த வயல்வரப்பில் இறங்கி நடப்போமா?

அரூர் மலையடிவாரத்திலிருந்து காவிரிச் சமவெளிக்கு வருவோம். இங்கே காடு இல்லை; வயல் உண்டு. இங்குள்ள மூத்த குடிகளுக்கு ஆதிதிராவிடர் என்று பெயர். இம்மண்ணின் முதல் மக்கள் என்பதைத் தங்கள் பெயரிலேயே தாங்கியிருப்பவர்கள் அவர்கள். சதுப்பை வயலாக்கி, வாய்க்கால் வெட்டி, வரப்புக் கட்டி, நாற்று நட்டு, தஞ்சைத் தரணிக்கு நெற்களஞ்சியம் என்ற பெயரை வாங்கித் தந்த கைகள் அவர்களுடையவை. அந்தக் கைகளுக்கு ஒரு குழி நிலமும் சொந்தமில்லை. குடியிருந்த குடிசையின் மண்ணும் மிராசுதாரருடையது. அவர்கள் பண்ணையாட்கள் எனப்பட்டனர்.

பண்ணையாள் எப்படிப் பிணைக்கப்பட்டான் என்பதை இன்றைய பிள்ளைகள் அறியவேண்டும். திருமணத்துக்கோ சாவுக்கோ மிராசுதாரரிடம் ஒரு சிறு தொகையோ சில கலம் நெல்லோ கடன் வாங்குவான். அது அடையும் அளவுக்குக் கூலி ஒருபோதும் கிடைக்காது. அவன் இறந்தால் மகன் அதே வாசலில் வந்து நிற்பான். மகனுக்குப் பின் பேரன். தட்டிக் கேட்டால் கீழத்தஞ்சையில் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன என்பது மறைக்க முடியாத வரலாறு. 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் இம்மக்களைத் திரட்டிப் போராடினர். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாடு முழுமைக்கும் 1976இல் வந்தது.

இதில் ஒளிந்திருக்கும் முரணை எண்ணிப் பாருங்கள். பாட்டன் வாங்கிய கடனுக்குப் பேரன் உழைத்தே தீரவேண்டும் என்று அவனிடம் சொன்னோம். அவன் வழியில் கடன் மட்டும் வாரிசாக இறங்கியது. நம் வழியில் நிலம் மட்டும் வாரிசாக இறங்கியது. இன்று அவன் பேரன் நம் பேரனை நிமிர்ந்து பார்த்துக் கணக்குக் கேட்டால், பாட்டன் காலத்துக் கதைக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன் என்று திருமறையைத் துணைக்கு அழைக்கிறோம். அல்லாஹ்வின் வேதத்தை இதைவிடக் கீழான காரியத்துக்குப் பயன்படுத்த முடியுமா?

1968 டிசம்பர் 25 இரவு அன்றைய இதே தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட ஆதிதிராவிடக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். ஓடி ஒளிந்த பெண்களும் குழந்தைகளும் முதியோருமே அவர்களில் பெரும்பாலோர். கீழ் நீதிமன்றம் விதித்த தண்டனையை உயர் நீதிமன்றம் 1973இல் நீக்கியது. செல்வமும் நிலமும் படைத்த பெரியமனிதர்கள் தாமே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பத் தயங்கியது அத்தீர்ப்பு. தீ வைத்தவர்கள் நம் சமுதாயத்தார் அல்லர் என்பது உண்மை. ஆனால் அன்று நெல் விளைந்த ஊர்களில், கூலி கேட்டவன் பக்கம் நின்ற முஸ்லிம் மிராசுதாரர் எத்தனை பேர்? அடுத்த வெள்ளிக்கிழமை எந்த மிம்பரில் அந்த 44 உயிர்களுக்காக ஒரு சொல் ஒலித்தது? நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய மௌனம் விடை சொல்லும்.

நம்மவர் கூறும் சமாதானங்களை நாம் அறிவோம். நாங்கள் நிலத்தில் பிழைத்தவர்கள் அல்லர்; மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்து, இரவு பகல் பாராமல் உழைத்து ஈட்டிய ஹலாலான பொருள் எங்களுடையது என்பார்கள். கூத்தாநல்லூரைச் சின்னச் சிங்கப்பூர் என்று ஊரார் அழைப்பதும் அவ்வுழைப்பினால்தான். அவ்வுழைப்பை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் கடல்கடந்து வந்த பணம் ஊரில் எதை வாங்கியது? வயலை வாங்கியது. வயலோடு சேர்ந்து வந்தவர் யார்? பண்ணையாள். முதலாளி பினாங்கில் கல்லாவில் அமர்ந்திருந்த ஆண்டுகளிலும் அவருடைய வீட்டுக்கு நெல் வந்துகொண்டிருந்தது அன்றோ? நாகப்பட்டினத்துத் துறையில் நம் பாட்டனார் ரஜூலா கப்பலில் ஏறியபோது, அதே கப்பலின் கீழ்த்தளத்தில் தோட்டக் கூலியாகப் போனவனும் இதே வயல்களிலிருந்து ஓடியவன்தான். இருவரும் பிழைக்கப் போனோம். நாம் திரும்பி வந்து வீடு கட்டினோம். அவனுக்குத் திரும்பி வர ஒரு குழி மண்ணும் இல்லை.

நாமே சிறுபான்மையினர், நாமே அநீதிக்கு ஆளாகிறோம், நம்மைப் போய்க் கடனாளி என்கிறீரே என்று வேறு சிலர் வருந்துவார்கள். நம் மீது இழைக்கப்படும் அநீதியை எதிர்த்து இப்பக்கங்களில் நாம் ஓயாமல் எழுதி வருகிறோம், இனியும் எழுதுவோம். ஆனால் ஒருவன் நமக்குத் தர வேண்டியது நிலுவையில் இருப்பதால், நாம் மற்றொருவனுக்குத் தர வேண்டியது தள்ளுபடி ஆகிவிடுமா? எந்த வணிகர் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வார்?

ஏழைகளுக்கு ஜகாத்தும் ஸதக்காவும் கொடுத்து வருகிறோமே என்பார் மூன்றாமவர். கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதை ஜகாத் கணக்கில் எழுத முடியாது என்பது மதரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கொடையில் கொடுப்பவன் கை மேலே இருக்கிறது. கடனைத் தீர்க்கையில் கொடுப்பவன்தான் தலைகுனிந்து நிற்க வேண்டும். நோன்புக் கஞ்சியையும் பெருநாள் புடவையையும் காட்டி நாம் இதுகாறும் மறைத்து வந்தது இந்த வேறுபாட்டைத்தான்.

அடியார்க்கு இழைத்த அநீதியை அந்த அடியார் மன்னிக்கும்வரை அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்று ஆலிம்கள் நமக்குப் போதிக்கிறார்கள். அதனால்தான் ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் வீடு வீடாகச் சென்று பொறுத்துக்கொள்ளுமாறு கேட்கிறோம். உறவினர் வீடு, அண்டை வீடு, வியாபாரக் கூட்டாளி வீடு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் தெரு அந்தப் பட்டியலில் என்றேனும் இடம்பெற்றதுண்டா? நாற்பது ஆண்டுகள் நம் வயலில் குனிந்த முதுகு அங்கேதான் திண்ணை ஓரத்தில் சாய்ந்திருக்கிறது. அவரிடம் பொறுப்புக் கேட்காமல் அரஃபாத் மைதானத்தில் கையேந்தி என்ன பயன்?

செய்ய வேண்டியவை மிகப் பெரியவை அல்ல. 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம், மிராசு நிலத்தில் குடிசை போட்டிருந்த தொழிலாளருக்கு அம்மனையைச் சொந்தமாக்கியது. ஆனாலும் பத்திரம் ஒருவர் பெயரிலும் குடியிருப்பு இன்னொருவர் பெயரிலும் கிடக்கும் இடம் நம் குடும்பங்களில் ஏதேனும் இருந்தால், வழக்கு வரும்வரை காத்திராமல் நாமே சென்று எழுதிக் கொடுக்க வேண்டும். பரணில் கிடக்கும் பழைய பண்ணைக் கணக்கேட்டை இறக்கி, அதில் பெயருள்ளவர்களின் பேரப்பிள்ளைகள் யார் என்று விசாரித்து, அவர்களின் மேற்படிப்புக்கு நம் பாகத்திலிருந்து ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். அதை உதவித்தொகை என்று பெயரிட்டு, மேடை போட்டு, மாலை வாங்கிக்கொண்டு கொடுக்கலாகாது. நிலுவை என்று சொல்லி அவர்கள் வீட்டுக்குச் சென்று கொடுக்க வேண்டும். எழுபது வயதுப் பெரியவரை நம் வீட்டுச் சிறுவன் ஒருமையில் கூப்பிடும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால், அதை இன்றே நிறுத்த வேண்டும். ஐயா என்று அழைக்க ஒரு காசும் செலவாகாது. அந்த ஒரு சொல்லை மூன்று தலைமுறைகளாக நாம் கொடுக்காமல் வைத்திருந்தோம் என்பதே நம் கடனின் அளவைக் காட்டும்.

தனித்தனிக் குடும்பங்கள் தயங்கினால் ஜமாஅத் முன்வரட்டும். இறுதி ஹஜ்ஜில் அறியாமைக் காலத்துப் பழைய கணக்குகளைத் தீர்க்க எழுந்த பெருமானார் (ஸல்) அவர்கள் யாரிடமிருந்து தொடங்கினார்கள்? இரத்தப் பழிகளை நீக்கும்போது தம் சொந்தக் குலத்தாருக்கு வர வேண்டியிருந்த பழியையே முதலில் நீக்கினார்கள். வட்டியை ஒழிக்கும்போது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வர வேண்டிய வட்டியையே முதலில் ஒழித்தார்கள். பிரிட்டன் தொடங்கட்டும், டில்லி தொடங்கட்டும், பக்கத்து ஊர் மிராசுதாரர் தொடங்கட்டும் என்று காத்திருப்பவன் அந்தப் பேருரையைச் செவியால் கேட்டானேயன்றி நெஞ்சால் கேட்கவில்லை. வாச்சாத்திப் பெண்களுக்காக அரசிடம் உரத்துப் பேசும் தகுதியும், நம் மீது வீசப்படும் மாலிக் கபூர் பழியை நிமிர்ந்து நின்று மறுக்கும் தகுதியும், நம் வீட்டுக் கணக்கை நாம் நேர் செய்த பின்னரே முழுமையாக நமக்கு வாய்க்கும்.

மீண்டும் அந்த ஜனாஸாவுக்கே வருவோம். அத்தாவுக்குக் கடன் கொடுத்தவர்கள் என்னிடம் வாருங்கள் என்று மகன் கூறுகிறார். வரிசையில் நிற்கும் உறவினர் கேட்கின்றனர். வணிக நண்பர் கேட்கின்றனர். ஆனால் இறந்தவருக்கு மிகப் பெரிய கடனைக் கொடுத்தவர், தம் வாழ்நாள் உழைப்பையே கொடுத்தவர், பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே, தெருவின் மறுமுனையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார். முதலாளியின் மையித்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தவர் அவர். அறிவிப்பு அவர் காதில் விழுவதில்லை.

அடுத்த முறை அந்த மகன் சந்தூக்கைவிட்டு நான்கு எட்டு நடந்து, வாசலுக்கு வெளியே வந்து, அவருடைய கையைப் பற்றிக்கொண்டு அதைச் சொல்லட்டும். சொல்லிவிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கட்டும். பாகப்பிரிவினை அதற்குப் பிறகு நடக்கட்டும்.